துண்டும் அட்டையும்



போட்டி மிகுந்தால் விலை குறையும் என்பது வணிகத்தின் பாலபாடம். சந்தியிலே ஒரே கடை இருக்குமாயின் கடைக்காரர் சொன்னதே விலை. எதிரே இன்னொரு கடை திறக்கப்பட்டால் இருவரும் சற்று இறங்கி வந்தே ஆகவேண்டும். பாடசாலையில் இதனை மாணவர்க்குக் கற்பிக்கிறோம். சந்தைக்குச் சென்று வருபவர் யாவரும் கற்பிக்காமலே இதனை அறிவர். ஆயினும் இப்பாடத்திற்கு ஒரு புறநடை உண்டு. போட்டி மிகுந்த காரணத்தினாலேயே கட்டணம் உயர்ந்த தொழில் ஒன்று கடந்த எழுபது ஆண்டுகளுக்கு மேலாக உலகில் வளர்ந்து வந்திருக்கிறது. அது கடனட்டைத் தொழில்.

மலையகத்தில் அட்டை என்றதும், மழைக்காலத்தில் கொழுந்து மலையில் காலைப் பற்றும் அட்டையே பலருக்கு நினைவில் வரும். இன்று நான் பேசப்போவது சட்டைப்பையில் இருக்கும் அட்டையைப் பற்றி. எனினும் பேச்சின் முடிவில், இரண்டுக்கும் ஏதேனும் ஒற்றுமை உண்டா என்று நேயர்கள் கேட்டால் அதனைத் தவறென்று நான் சொல்லமாட்டேன்.

இந்தப் புதுமையான போட்டியை விளங்கிக்கொள்வதற்கு அமெரிக்காவுக்குச் செல்லுமுன் எங்கள் இராகலைப் பகுதியிலேயே சற்று நிற்போம். இரண்டு வகைப் போட்டிகளுக்கு எங்கள் மலைநாட்டு வரலாறே சான்று தருகின்றது.

முதலாவது, புகையிரதத்துக்கும் லொறிக்கும் இடையே நிகழ்ந்த போட்டி. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக வந்த குறுகிய புகையிரதப் பாதை 1904ஆம் ஆண்டில் இராகலையை எட்டியது. தேயிலைப் பெட்டிகள் அதிலே இறங்கின. அரிசியும் உரமும் அதிலே ஏறின. பின்னர் மோட்டார் லொறி வந்தது. பெட்டியைப் புகையிரதத்தில் அனுப்புவதா, லொறியில் ஏற்றுவதா என்பதைத் தோட்டத்து நிருவாகம் முடிவு செய்யலாம். கூலியைக் கொடுப்பதும் அதே நிருவாகந்தான். கொடுப்பவனே தெரிவு செய்கின்றவனாகவும் இருந்தபடியால் போட்டி தன் வேலையைச் செய்தது. லொறியுடன் ஈடுகொடுக்க இயலாத அச்சிறு புகையிரதப் பாதை 1948இல் மூடப்பட்டது. பாலபாடம் கூறும் போட்டி இதுவே.

இரண்டாவது, தொழிலாளருக்காகத் தோட்டங்கள் ஒன்றோடொன்று நடத்திய போட்டி. கோப்பி அழிந்து தேயிலை பரவிய பின்னரும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பர் பெருகிய போதும், தோட்டங்களுக்கு ஆள் தேவை மிகுந்தது. ஆட்களைத் தென்னிந்தியாவிலிருந்து திரட்டி வந்தவர் பெரிய கங்காணி. ஆகையால் தோட்டங்கள் தொழிலாளரிடம் நேரே பேசவில்லை. கங்காணியைத் தம்பக்கம் இழுப்பதற்கே போட்டியிட்டன. ஒரு தோட்டம் கொடுத்த முற்பணத்தை விட மற்றத் தோட்டம் கூடுதலாகக் கொடுக்க முன்வந்தது. கங்காணியின் கூட்டத்துக்குரிய கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவோர் இக்கூட்டத்தை அழைத்துச் செல்லலாம் என்று எழுதிக் கொடுக்கப்பட்ட சீட்டுக்குத் துண்டு என்று பெயர். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கங்காணி தோட்டந் தோட்டமாகப் பேரம் பேசலாம். ஒவ்வொரு பேரத்திலும் துண்டில் எழுதிய தொகை ஏறியது. அத்தொகை இறுதியில் யார் தலையில் விழுந்தது? கங்காணியின் கணக்கேட்டிலே தொழிலாளியின் பெயருக்கு நேரே கடனாக விழுந்தது. பெருந்தோட்டங்கள் கடுமையாகப் போட்டியிட்டன. அப்போட்டியின் செலவைப் போட்டியில் எவ்விதப் பங்கும் பெறாத ஒருவன் சுமந்தான். 1921ஆம் ஆண்டின் சட்டம் துண்டு முறையை ஒழித்த பின்னரே அந்த ஏற்றம் நின்றது.

இவ்விரு போட்டிகளையும் அருகருகே வைத்து நோக்குவோமாயின் ஓர் உண்மை புலனாகும். போட்டி இருக்கிறதா என்று கேட்பது மாத்திரம் போதாது. கட்டணத்தைச் செலுத்துபவர் யார்? தெரிவு செய்பவர் யார்? இவ்விருவரும் ஒருவராயின் போட்டி கட்டணத்தைக் குறைக்கும். இருவரும் வெவ்வேறாயின் போட்டி கட்டணத்தை உயர்த்தவும் கூடும். இவ்விரு வினாக்களையும் கையில் எடுத்துக்கொண்டு இனி அட்டையின் வரலாற்றுக்குச் செல்வோம்.

1950ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் பிராங் மக்நமாரா என்பவரும் அவரது கூட்டாளிகளும் டைனேர்ஸ் கிளப் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். உணவகத்தில் உண்டவர் பணம் கொடாமல் ஓர் அட்டையைக் காட்டிக் கையொப்பமிடலாம். நிறுவனம் உணவகத்துக்குப் பணம் செலுத்திவிட்டு, மாத முடிவில் உறுப்பினரிடம் மொத்தமாக வாங்கிக்கொள்ளும். உணவகத்துக்குச் செலுத்தும் போது நூற்றுக்கு 7 வீதத்தைத் தன் கூலியாகக் கழித்துக்கொள்ளும். நமது நகரத்துக் கடைகளில் இன்றும் உள்ள பற்றுக் கொப்பியை நினைத்துப் பாருங்கள். கடைக்காரர் தமக்குத் தெரிந்தவருக்கே பற்று எழுதுவார். முன்பின் அறியாதவருக்கும் பற்று எழுதும் வழியை அட்டை உண்டாக்கியது. நம்பிக்கையை ஊரெல்லைக்கு வெளியே கொண்டு சென்றமை அதன் மெய்யான சாதனை. அதனை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

எட்டு ஆண்டுகளின் பின், 1958இல், இரு பெரும் போட்டியாளர் களத்தில் இறங்கினர். ஒன்று, பிரயாணக் காசோலைகளால் முன்னரே பெயர்பெற்றிருந்த அமெரிக்கன் எக்ஸ்பிரஸ். மற்றது, கலிபோர்னியா மாநிலத்தின் பாங்க் ஒவ் அமெரிக்கா. இவ்வங்கி 1958 செப்டெம்பரில் பிரெஸ்னோ என்னும் நகரைத் தெரிந்து, அங்குள்ள குடும்பங்களுக்கு ஏறத்தாழ 60,000 அட்டைகளை, எவரும் கேளாமலே, தபாலில் அனுப்பி வைத்தது. கேளாமல் வந்த அட்டைகளால் திருட்டும் திரும்பாத கடனும் பெருகி வங்கி முதலில் பெருநட்டம் அடைந்தது. ஆயினும் அது பின்வாங்கவில்லை. அட்டை வைத்திருப்பவர் பலராக இருந்தாலன்றிக் கடைக்காரர் அதனை ஏற்கமாட்டார். ஏற்கும் கடைகள் பலவாக இருந்தாலன்றி மக்கள் அட்டையை விரும்பமாட்டார்கள். இவ்விரு பக்கத்தையும் ஒரே வேளையில் நிரப்பினாலே தொழில் நிலைக்கும் என்பதை அவ்வங்கி உணர்ந்திருந்தது.

1966இல் அவ்வங்கி தன் அட்டையின் பெயரைப் பிற மாநில வங்கிகளுக்கும் உரிமம் கொடுத்துப் பரப்பத் தொடங்கியது. அதற்கு அஞ்சிய வேறு வங்கிகள் அதே ஆண்டில் தமக்கென ஒரு சங்கம் அமைத்தன. அச்சங்கத்தின் அட்டை முதலில் மாஸ்டர் சார்ஜ் என்றும் 1979 முதல் மாஸ்டர்காட் என்றும் வழங்கலாயிற்று. பாங்க் ஒவ் அமெரிக்காவின் அட்டையும், சியாற்றில் நகரத்து வங்கியாளரான டீ ஹொக் என்பவரின் முயற்சியால், 1970இல் உறுப்பு வங்கிகள் யாவும் கூட்டாக உரிமைகொள்ளும் அமைப்பாயிற்று. 1976இல் அது விசா என்னும் பெயரைப் பூண்டது. இவ்வாறு இரு பெரும் வலையமைப்புகள் எதிரெதிரே நின்றன.

இவை எவ்வாறு வருவாய் பெறுகின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குவேன். ஒருவர் கடையில் 100 ரூபாவுக்குப் பொருள் வாங்கி அட்டையால் செலுத்துகிறார். கடைக்காரருக்கு 100 ரூபா முழுமையாக வந்து சேர்வதில்லை. 97 ரூபா 50 சதம் வருகிறதென வைத்துக்கொள்வோம். குறைந்த 2 ரூபா 50 சதம் மூன்று பங்காகப் பிரிகிறது. கடைக்காரரின் வங்கிக்கு ஒரு பங்கு. நடுவே நின்று கணக்கைக் கடத்தும் வலையமைப்புக்கு ஒரு சிறு பங்கு. வாங்கியவருக்கு அட்டை வழங்கிய வங்கிக்கு மூன்றாவது பங்கு. பொதுவாக இம்மூன்றிலும் பெரியது அட்டை வழங்கிய வங்கியின் பங்கேயாம். அதற்கு இடைமாற்றுக் கட்டணம் என்று பெயர். அக்கட்டணத்தின் அளவை நிர்ணயிப்பது வலையமைப்பு, பெறுவது அட்டை வழங்கும் வங்கி, கொடுப்பது கடைக்காரர். இந்த மூன்று வினைகளுக்கும் மூவர் என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

இப்பொழுது போட்டிக்கு வருவோம். விசாவும் மாஸ்டர்காட்டும் எதற்காகப் போட்டியிடுகின்றன? தமது சின்னம் பொறித்த அட்டையை வங்கிகள் வழங்கவேண்டும் என்பதற்காக. வங்கியைக் கவர்வதற்குச் சிறந்த வழி என்ன? அவ்வங்கிக்குக் கிடைக்கும் இடைமாற்றுக் கட்டணத்தை உயர்த்துவது. ஒன்று உயர்த்தினால் மற்றதும் உயர்த்தவேண்டும். தவறினால் வங்கிகள் எதிரியின் பக்கம் சாயும். இங்கே வங்கி நிற்கும் இடம் கங்காணி நின்ற இடம். இடைமாற்றுக் கட்டணம் துண்டில் எழுதிய தொகை. கடைக்காரரிடம் எவரும் பேரம் பேசவில்லை. தொடக்கத்தில் ஒரு வங்கி ஒரே வலையமைப்பைச் சேர்ந்திருந்தது. 1970களின் நடுப்பகுதியில் இவ்வேலி தகர்ந்து வங்கிகள் இரண்டிலும் உறுப்பினராயின. அதன் பின் தெரிவு செய்யும் உரிமை முழுவதும் வங்கியின் கையிலேயே இருந்தது.

அட்டை வைத்திருப்பவர் இதனை ஏன் எதிர்க்கவில்லை என்று கேட்கலாம். வங்கி தனக்குக் கிடைத்த கட்டணத்தின் ஒரு பகுதியை அவருக்குப் புள்ளிகளாகவும் கழிவுகளாகவும் விமானப் பயணச் சலுகைகளாகவும் வழங்குகிறது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று நமது முன்னோர் சொன்னது இதற்கெனவே சொன்னதுபோல் இருக்கிறது. தேங்காய் கடைக்காரருடையது, புண்ணியம் வங்கியுடையது. கடைக்காரரும் அச்செலவைத் தாமே விழுங்கிக்கொண்டிருக்க மாட்டார். பொருளின் விலையில் சிறிது சேர்ப்பார். எல்லோருக்கும் ஒரே விலை எழுதிய கடையில், அட்டை இல்லாமல் ரொக்கப் பணம் கொடுத்து வாங்குபவரும் அந்த உயர்ந்த விலையையே கொடுப்பார். நாட்கூலியில் மாவும் சீனியும் வாங்கும் ஒரு தோட்டத்துத் தாய், விமானத்தில் பறப்பவருடைய புள்ளிக்குத் தம் பங்கைச் செலுத்துகிறார். செலுத்துவதை அவர் அறியார். துண்டுக் காலத்தில் சுமையைத் தாங்கியவரும் இத்தகையவரே என்பதை நினைக்கையில் வரலாறு சில வேளைகளில் தன் பழைய தடத்திலேயே நடப்பதாகத் தோன்றுகிறது.

கடைக்காரர் அட்டையை மறுக்கலாமே எனின், மறுத்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குச் செல்வார். சின்னம் பொறித்த அட்டைகளுள் செலவு மிக்கதை மாத்திரம் மறுக்கலாமே எனின், ஒரு வலையமைப்பின் அட்டை ஒன்றை ஏற்றால் அதன் எல்லா அட்டைகளையும் ஏற்கவேண்டும் என்பது நெடுங்காலம் அவற்றின் விதியாக இருந்தது. அட்டையால் செலுத்துவோரிடம் மேலதிகமாகக் கேட்கலாமே எனின், அதனையும் வலையமைப்புகளின் ஒப்பந்தங்கள் பல நாடுகளில் தடுத்தன. வழிகள் யாவும் அடைபட்ட பின்னர் கடைக்காரர் நீதிமன்றத்தை நாடினர்.

அமெரிக்காவில் நிகழ்ந்த இரு வழக்குகள் குறிப்பிடத்தக்கவை. எல்லா அட்டைகளையும் ஏற்கவேண்டும் என்ற விதியை எதிர்த்து வோல்மாட் முதலிய பெருங்கடைகள் 1996இல் வழக்குத் தொடுத்தன. 2003இல் விசாவும் மாஸ்டர்காட்டும் ஏறத்தாழ 300 கோடி டொலர் கொடுக்க இணங்கி அவ்வழக்கைத் தீர்த்துக்கொண்டன. மற்றையது 1998இல் அமெரிக்க அரசின் நீதித் திணைக்களம் தொடுத்த வழக்கு. விசா, மாஸ்டர்காட் ஆகியவற்றின் உறுப்பு வங்கிகள் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டிஸ்கவர் ஆகிய வேற்று அட்டைகளை வழங்கலாகாது என்று விதி இருந்தது. அவ்விதி போட்டிக்கு ஊறு செய்கிறது என 2001இல் நீதிமன்றம் தீர்த்தது. மேன்முறையீடுகள் தோற்று 2004இல் அத்தீர்ப்பு உறுதியாயிற்று.

கதவு திறந்தது, போட்டியாளர் இருவர் நால்வராயினர். கட்டணம் குறைந்ததா? 2009இல் அமெரிக்கக் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் இதனை ஆராய்ந்தபோது, கடைக்காரர் அட்டைகளை ஏற்பதற்குச் செலுத்தும் தொகை பெருகியிருப்பதையும் இடைமாற்றுக் கட்டண வீதங்கள் பல உயர்ந்திருப்பதையும் கண்டது. இதில் வியப்பில்லை. வழக்கினால் வங்கிக்குக் கூடுதல் தெரிவு கிடைத்தது. செலுத்துகின்ற கடைக்காரருக்குத் தெரிவு கிடைக்கவில்லை. கங்காணிக்கு மேலும் இரண்டு தோட்டங்களின் வாயில் திறக்கப்பட்டால் தொழிலாளியின் கடன் குறையுமா? இதற்கிடையே மாஸ்டர்காட் 2006இலும் விசா 2008இலும் பங்குச் சந்தையில் பங்குகளை விற்று, வங்கிகளின் சங்கங்களாக இருந்த நிலை மாறி, இலாபம் நாடும் நிறுவனங்களாயின.

கட்டணம் குறைந்த இடங்களில் அதனைக் குறைத்தது எது என்று நோக்குவோம். அவுஸ்திரேலியாவில் அந்நாட்டு ரிசேர்வ் வங்கி 2003இல் கடனட்டை இடைமாற்றுக் கட்டணத்துக்கு எல்லை விதித்தது. ஏறத்தாழ நூற்றுக்கு 0.95 ஆக இருந்தது 0.55 அளவுக்கு இறங்கியது. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2011இல் பெரிய வங்கிகளின் பற்று அட்டைகளுக்கு மாத்திரம் எல்லை வந்தது. கடனட்டைகள் அதனுள் அடங்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் பற்று அட்டைக்கு நூற்றுக்கு 0.2, கடனட்டைக்கு நூற்றுக்கு 0.3 என வரம்பு கட்டியது. இம்மூன்று இடங்களிலும் விலையைக் குறைத்தது சட்டத்தின் கை.

வலையமைப்புகளின் பக்கத்திலும் நியாயம் உண்டு. அதனையும் சொல்லுதல் முறை. கொழும்பில் வழங்கிய அட்டையை இலண்டனில் சில நொடிகளில் ஏற்கச் செய்வது எளிய காரியமன்று. திருட்டு அட்டைகளால் வரும் நட்டத்தைத் தாங்குவதற்கும், கணினிகளை இரவு பகல் இயக்குவதற்கும் பணம் வேண்டும். கட்டணத்தை மிகவும் குறைத்தால் வங்கி அந்த இழப்பை அட்டைக்காரரிடம் ஆண்டுக் கட்டணமாகக் கேட்கலாம். கூலி வேண்டியதே, ஆனால் அக்கூலி கொடுப்பவரைக் கேளாமல் பெறுபவரை மகிழ்விக்க உயர்த்தப்படலாகாது என்பதே நமது வாதம்.

சட்டம் எல்லை விதிப்பது ஒரு வழி. நாடே ஒரு பாதையை அமைப்பது மற்றொரு வழி. இரண்டாவது வழி நமது தேசத்திற்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலங்கையில் வங்கித் தாள்களைத் தனியார் வங்கிகள் வெளியிட்டன. அவற்றுள் முதன்மையானது ஓரியண்டல் வங்கி. கோப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த அவ்வங்கி, நோயினால் கோப்பி மாண்ட பின் தளர்ந்து, 1884 மே மாதத்தில் கதவடைத்தது. அதன் தாளைக் கையில் வைத்திருந்தவர் கலங்கினர். அப்போதைய தேசாதிபதி ஆதர் கோடன் அத்தாள்களுக்கு அரசாங்கத்தின் பொறுப்பை அளித்தார். அதே ஆண்டில் சட்டமொன்று இயற்றப்பட்டு, தாள் நாணயம் வெளியிடும் பணியை அரசே ஏற்றது. பணம் செல்லும் பாதை பொதுப் பாதையாக இருத்தல் வேண்டும் என்று மலைநாட்டுக் கோப்பியின் வீழ்ச்சியினால் இலங்கை கற்ற பாடம் அது.

அட்டைக் காலத்தில் அவ்வழியைப் பெருமளவில் மேற்கொண்டது அயல்நாடாகிய இந்தியா. 2008இல் அங்கே தேசியக் கொடுப்பனவுக் கழகம் நிறுவப்பட்டது. 2012இல் அது ரூபே என்னும் அட்டையை வெளியிட்டது. 2014இல் ஏழை மக்களுக்கென வங்கிக் கணக்குகள் கோடிக்கணக்கில் திறக்கப்பட்டபோது அக்கணக்குகளுடன் ரூபே அட்டைகள் வழங்கப்பட்டன. 2016இல் கைத்தொலைபேசி மூலம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு நொடியில் பணம் அனுப்பும் யூபிஐ முறை வந்தது. 2020 சனவரி முதலாந் திகதியிலிருந்து ரூபே பற்று அட்டைக்கும் யூபிஐக்கும் கடைக்காரர் கட்டணமே இல்லை என அரசு விதித்தது. தேநீர்க் கடையிலும் பூக்கடையிலும் சதுரக் கோலம் அச்சிட்ட அட்டைத்தாள் தொங்குவதை இந்தியாவுக்குச் சென்று வந்தோர் கண்டிருப்பர்.

ஆயினும் கட்டணமில்லாப் பாதைக்கும் செலவு உண்டு. அச்செலவின் ஒரு பகுதியை ஈடுசெய்ய இந்திய அரசு தன் வரவுசெலவுத் திட்டத்திலிருந்து வங்கிகளுக்கு ஊக்கத்தொகை வழங்கி வந்திருக்கிறது. 2022இல் கடனட்டையை யூபிஐயுடன் இணைக்க அனுமதி வந்தபோது அது ரூபே அட்டைக்கே முதலில் கிடைத்தது. ஆட்டக்காரரும் நடுவரும் ஒரே வீட்டைச் சேர்ந்தவராயின் எதிரணியினர் முணுமுணுப்பது இயல்பே. பொதுப் பாதை என்பதனால் அதன் நடைமுறை கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிடாது.

2024 மார்ச்சு மாதத்தில் இந்திய ரிசேர்வ் வங்கி மற்றுமொரு கட்டளை பிறப்பித்தது. வேற்று வலையமைப்பைத் தடுக்கும் ஒப்பந்தத்தை எவ்வங்கியும் செய்யலாகாது; கடனட்டை பெறுபவர் தமக்கு விருப்பமான வலையமைப்பைத் தெரிந்துகொள்ள இடமளிக்கவேண்டும். பெரிய வங்கிகளைக் குறித்த இவ்விதி அவ்வாண்டு செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. நல்ல விதியே. ஆனால் நமது இரு வினாக்களையும் இங்கே கேட்டுப் பாருங்கள். தெரிவு செய்பவர் இப்போது அட்டைக்காரர். செலுத்துபவர் இன்னமும் கடைக்காரரே. அட்டைக்காரர் எதனைத் தெரிவார்? தமக்குக் கூடுதல் புள்ளி தருவதனையே தெரிவார். ஆகவே இவ்விதி ஒன்றினாலேயே கடைக்காரரின் சுமை இறங்குமென எதிர்பார்ப்பதற்கில்லை.

இனி நமது இலங்கைக்கு வருவோம். 2002இல் இலங்கை மத்திய வங்கியும் வர்த்தக வங்கிகளும் கூட்டாக உரிமைகொண்ட லங்கா கிளியர் என்னும் நிறுவனம் தோன்றியது. தொடக்கத்தில் காசோலைகளைத் தீர்க்கும் வேலை அதனுடையது. 2013இல் ஒரு வங்கியின் பணப்பொறியில் இன்னொரு வங்கியின் அட்டையைப் பயன்படுத்தும் பொது இணைப்பு அதனால் கிடைத்தது. லங்கா பே என்னும் பெயரில் வளர்ந்த அவ்வலையமைப்பு ஜப்பான் நாட்டு ஜேசிபியுடன் சேர்ந்து தேசிய அட்டைத் திட்டத்திலும் இறங்கியது. கைத்தொலைபேசியால் சதுரக் கோலத்தைப் படித்துச் செலுத்தும் லங்கா கியூஆர் என்னும் பொது முறையும் வந்தது. எவ்வங்கியின் வாடிக்கையாளரும் எவ்வங்கியின் கடைக்காரருக்கும் அதனாலே செலுத்தலாம். கடைக்காரரிடம் அறவிடும் கட்டணத்துக்கு மத்திய வங்கி உச்ச எல்லை விதித்திருக்கிறது. 2024 பெப்ரவரி 12ஆம் திகதி இந்தியாவின் யூபிஐ முறையும் இலங்கையில் தொடக்கி வைக்கப்பட்டது. நுவரெலியாவுக்கு வரும் இந்தியப் பயணிகள் தம் ஊர்க் கணக்கிலிருந்தே இங்குள்ள கடைக்காரருக்குச் செலுத்தும் வழி அதனாலே பிறந்தது.

இதனால் எங்கள் பகுதிக்கு என்ன என்று சிலர் வினவலாம். அட்டைப் பொறிக்குக் கட்டணம் செலுத்த வகையில்லாத சிறு கடைக்காரரும் ஒரு தாளைச் சுவரில் ஒட்டி வைத்துப் பணம் பெறலாம். ஆனால் கவனிக்கவேண்டிய வேறொன்றும் உண்டு. அட்டையை நீட்டினால், நூற்றுக்கு இரண்டோ மூன்றோ கூடுதலாகக் கொடுங்கள் என்று கேட்கும் கடைகள் நாட்டிலே இருக்கின்றன. அவ்வாறு கேட்பது வங்கியுடன் கடைக்காரர் செய்த ஒப்பந்தத்துக்கு முரணானது என்று மத்திய வங்கி பொதுமக்களுக்கு அறிவித்திருக்கிறது. விதியின்படி கடைக்காரர் செய்வது தவறே. எனினும் அவர் எதற்காகக் கேட்கிறார் என்பதனை இப்போது நேயர்கள் அறிவீர்கள். சுமை அவர் தோளில் நின்று இறங்க இடந்தேடுகிறது. அதனை வாங்குபவரின் தோளுக்கு மாற்றுவதால் சுமை தீர்ந்துவிடாது. நிர்ணயிக்கும் இடத்தில் அதனைக் குறைக்கவேண்டும். அல்லது குறைந்த கூலியுள்ள பாதையைக் கடைக்காரரும் வாங்குபவரும் சேர்ந்து நாடவேண்டும். அந்த நிலை வரும்போது செலுத்துபவரும் தெரிவு செய்பவரும் ஒரு பக்கத்தில் நிற்பர். லொறிக்கும் புகையிரதத்துக்கும் நிகழ்ந்ததைப் போன்ற நேர்மையான போட்டி அப்போதே தொடங்கும்.

துண்டு முறை தானாக ஒழியவில்லை. தோட்டங்களுக்கிடையே போட்டி இருக்கிறது, ஆகையால் நாளடைவில் எல்லாம் சரியாகும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அக்காலத்திலும் இருந்திருப்பர். நாளடைவில் கடனே ஏறியது. எண்ணெழுத்தறியாத மக்கள் தம் பெயருக்கு நேரே எழுதப்பட்டதைப் படிக்க இயலாதிருந்தமை அதற்கு ஒரு பெருந்துணையாயிற்று. இன்று நம் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். அட்டையைப் பயன்படுத்துவோர் அதன் பின்புறத்துச் சிறு எழுத்துகளையும், மாத முடிவில் வரும் வட்டிக் கணக்கையும் படிக்கவேண்டும். கடைக்காரர் வங்கியுடன் செய்யும் ஒப்பந்தத்தில் தமக்குப் பிடித்தம் எவ்வளவு என்பதைக் கேட்டறியவேண்டும். புதிதாக ஒரு வலையமைப்போ, ஒரு சலுகையோ நம் வாயிலில் வந்து நிற்கும் போதெல்லாம், இதற்குச் செலுத்துபவர் யார், இதனைத் தெரிவு செய்தவர் யார் என்னும் இரு வினாக்களையும் தயங்காமல் எழுப்பவேண்டும்.